நிலத்தடிக் குளோவரின் மணிச்சத்துத் தேவை

நிலத்தடிக் குளோவர் என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுத் தீவனப் பயிர் ஆகும். இதன் அறிவியற் பெயர் டிரைஃபோலியம் சப்டெரேனியம். மத்தியதரைக் கடற் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இது, தெற்கு ஆஸ்திரேலியப் பகுதிகளின் மேய்ச்சல் நிலங்களில் பெருமளவில் வளர்கிறது. குளிர்கால மழையில் வளர்ந்து, காய்களை மண்ணுக்குள் புதைத்துவிட்டுக் கோடையில் காய்ந்துவிடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த மண்ணில் இப்பயிர் செழிப்பதில்லை. எனினும், இதற்குத் தேவையான உரத்தின் அளவு நிலத்துக்கு நிலம் மாறுபடுகிறது.

வரலாறு

தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் மவுண்ட் பார்க்கர் பகுதியில் 1889 ஆம் ஆண்டில் ஆமோஸ் ஹோவர்டு என்பவர் இச்செடியின் பயனைக் கண்டறிந்து, பின்னர் அதைப் பரப்பினார். ஆஸ்திரேலிய மண் மிகப் பழமையானது. இயல்பாகவே மணிச்சத்துக் குறைந்தது. எனவே சூப்பர் பாஸ்பேட் உரத்துடன் சேர்ந்தே இப்பயிர் பரவியது. இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் 1842 இல் காப்புரிமை பெற்ற இவ்வுரத்தில் சுமார் 9% பாஸ்பரஸ் உள்ளது. இதற்கான பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதி நவூரு, பனாபா, கிறிஸ்துமஸ் தீவு ஆகிய இடங்களில் வெட்டி எடுக்கப்பட்டது. சுரங்கத்தால் பாழான நிலத்துக்காக நவூரு 1989 இல் ஆஸ்திரேலியா மீது பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1993 இல் உடன்பாடு ஏற்பட்டது.

தேவைக்கான காரணம்

குளோவரின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துகின்றன. இதற்கு மிகுந்த ஆற்றல் தேவை. அவ்வாற்றலைக் கடத்தும் சேர்மங்களில் பாஸ்பரஸ் இன்றியமையாதது. புற்களின் வேர்கள் மெல்லியவை, அடர்த்தியானவை. குளோவரின் வேர்த்தூவிகளோ குட்டையானவை. ஆகவே மணிச்சத்துக் குறையும்போது முதலில் நலிவது குளோவரே. அது நலிந்தால் மண்ணுக்குக் கிடைக்கும் நைட்ரஜன் குறைந்து, காலப்போக்கில் புல்லும் நலிவடையும்.

தேவையை மாற்றும் காரணிகள்

மண்: இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மிகுந்த மண் பாஸ்பரஸை இறுகப் பிடித்து வைக்கிறது. கோல்வெல் மண் பரிசோதனையின்படி போதுமான அளவு, பிடிப்புக் குறைந்த மணற்பாங்கான மண்ணில் கிலோவுக்கு 25 மில்லிகிராமை ஒட்டியும், பிடிப்பு மிகுந்த மண்ணில் 50 ஐத் தாண்டியும் அமைகிறது. ஓல்சன் பரிசோதனையில் பெரும்பாலான மண்வகைகளுக்கு சுமார் 15 மில்லிகிராம் போதுமானது. இரண்டிலும் மேல்மண்ணின் 10 செ.மீ. ஆழம் வரையிலான மாதிரியே எடுக்கப்படுகிறது.

ஈரமும் வெப்பமும்: பாஸ்பரஸ் மண்துகள்களைச் சூழ்ந்த நீர்ப்படலத்தின் வழியே மெதுவாக வேரை அடைகிறது. இட்ட உரத்தின் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கிவிடுவதால், மேல்மண் காய்ந்தால் சத்து இருந்தும் செடிக்குக் கிட்டாது. குளிர்ந்த மண்ணிலும் இந்நகர்வு மந்தமாகும்.

பயன்பாடு: மேயும் கால்நடைகள் தாம் உண்ட பாஸ்பரஸின் பெரும்பகுதியைச் சாணத்தின் வழியே நிலத்துக்குத் திருப்பித் தருகின்றன. வைக்கோலுக்காக வெட்டி அகற்றினால், ஒரு டன் உலர்தீவனத்துடன் 2 முதல் 3 கிலோ பாஸ்பரஸ் வெளியேறுகிறது. இதை ஈடுசெய்ய 22 முதல் 33 கிலோ சூப்பர் பாஸ்பேட் தேவைப்படும்.

பிற சத்துகள்: வேறொரு சத்துக் குறைவாக இருந்தால் பாஸ்பரஸ் மட்டும் பயன் தராது. தெற்கு ஆஸ்திரேலியாவில் உரமிட்டும் வளராத குளோவருக்கு மாலிப்டினம் பற்றாக்குறையே காரணம் என 1942 இல் ஏ. ஜே. ஆண்டர்சன் காட்டினார். சிறிதளவு மாலிப்டினமே அக்குறையைப் போக்கியது.

மிகை உரத்தின் விளைவு

போதுமான அளவை எட்டிய நிலத்தில் மேலும் உரமிடுவதால் விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு உயர்வதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் மணல் நிலங்களிலிருந்து கழுவிச் செல்லப்பட்ட பாஸ்பரஸ், பீல்–ஹார்வி கழிமுகத்தில் பாசிப் பெருக்கத்தை உண்டாக்கியது. கடல்நீர் கூடுதலாகப் புகுந்து வெளியேறுவதற்காக 1994 இல் டாஸ்வில் கால்வாய் திறக்கப்பட்டது.

மாற்றுப் பயிர்

நீண்ட வேர்த்தூவிகளைக் கொண்ட செரடெல்லா என்னும் தீவனப் பயிர், நிலத்தடிக் குளோவரைவிடக் குறைந்த பாஸ்பரஸ் அளவில் நன்கு வளர்கிறது. மணற்பாங்கான நிலங்களில் உரத் தேவையைக் குறைக்க இது உதவுகிறது.