புதிய டீசல் பிக்கப்: எஞ்சின் நீடிக்க எந்த எண்ணெய்?

செம்பனைக் குலை ஏற்றும் குத்தகையாளர், கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்குபவர், நகரத்தில் கூரை வேலையும் குளிர்சாதன வேலையும் எடுத்துச் செய்பவர் எனப் பலருக்கு பிக்கப் வண்டிதான் பிழைப்பு. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், நவாரா என எதை எடுத்தாலும் விலை ஒரு லட்சம் ரிங்கிட்டை ஒட்டியோ அதற்கு மேலோதான் நிற்கும். வங்கித் தவணை 9 ஆண்டு வரை நீளலாம். தவணை முடியும் முன்பே எஞ்சின் படுத்துவிட்டால் ஒரு குடும்பத்தின் வருமானமே நின்றுபோகும்.

அதனால்தான் வண்டி வாங்கும் முன் "எந்த எஞ்சின் தாங்கும்?" என்று எல்லாரும் விசாரிக்கிறார்கள். ஆனால், வாங்கிய பிறகு அந்த எஞ்சின் எவ்வளவு நாள் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதில் ஊற்றும் எண்ணெயும் அதை மாற்றும் நேரமும்தான். பட்டறைக்குப் போய் "மினியாக் ஹித்தாம் மாற்றுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும் பழக்கம் பழைய எஞ்சினுக்குச் சரிப்பட்டிருக்கலாம். இன்றைய டீசல் எஞ்சினுக்கு அது போதாது.

பழைய அறிவுரை ஏன் பொருந்தாது?

முன்பு பிக்கப் ஓட்டியவர்கள் "நம் நாட்டு வெயிலுக்குக் கெட்டியான 15டபிள்யூ-40 தான் சரி" என்பார்கள். அன்றைய எஞ்சின்களின் அமைப்பு வேறு. இன்றைய எஞ்சினில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் தெளிக்கப்படுகிறது. டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. உதிரிகளுக்கு இடையிலான இடைவெளியும் எண்ணெய்ப் பாதைகளும் குறிப்பிட்ட தடிமனுள்ள எண்ணெய்க்காகவே கணக்கிடப்பட்டவை.

டைமிங் அமைப்பும் மாறியிருக்கிறது. ஹைலக்ஸின் பழைய 2கேடி எஞ்சினில் ரப்பர் பெல்ட் இருந்தது. 2015இல் வந்த ஜிடி வரிசை எஞ்சினில் சங்கிலி உள்ளது. பெல்ட்டைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும் என்ற கவலை இல்லை. ஆனால் சங்கிலியும் அதை இழுத்துப் பிடிக்கும் பாகமும் எண்ணெயை நம்பியே இயங்குகின்றன. ஃபோர்டின் 2.0 லிட்டர் எக்கோபுளூ எஞ்சினின் முதல் வகைகளில் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே சுழலும். அதில் பொருந்தாத எண்ணெய் ஊற்றினாலோ, எண்ணெயில் டீசல் அதிகம் கலந்தாலோ பெல்ட் சிதைந்து, துகள்கள் எண்ணெய் பம்பின் வாயை அடைத்துவிடலாம்.

டின்னில் உள்ள எழுத்துகள் சொல்வது என்ன?

எண்ணெய் டின்னில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது தடிமன். 5டபிள்யூ-30 என்பதில் முன்னால் உள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. பின்னால் உள்ள எண், எஞ்சின் சூடாகி 100 பாகை செல்சியஸை எட்டும்போது இருக்கும் தடிமன். காலையில் 24 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காத நம் ஊரில் முதல் எண்ணால் பெரிய வேறுபாடு வராது. வெளியே வெயில் எப்படி இருந்தாலும், ஓடும் எஞ்சினின் சூட்டைக் குளிரூட்டும் அமைப்பு ஒரே அளவில் வைத்திருக்கப் பார்க்கும். எனவே "வெயில் நாடு" என்பதற்காக மட்டும் கெட்டியான எண்ணெய்க்கு மாற வேண்டியதில்லை. வண்டிக் கையேட்டில் உள்ள அட்டவணையே இறுதி. சில எஞ்சின்களுக்கு 15டபிள்யூ-40ஐயும் அது அனுமதிக்கும். சிலவற்றுக்கு 0டபிள்யூ-30ஐ மட்டுமே சொல்லும்.

இரண்டாவது தரக்குறியீடு. தடிமனைவிட இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஏபிஐ சிஐ-4, சிகே-4, ஏசிஇஏ சி3, ஜாசோ டிஎல்-1 போன்றவை எண்ணெயில் என்ன சேர்க்கப்பட்டிருக்கிறது, எத்தகைய எஞ்சினில் அது சோதிக்கப்பட்டது என்பதைச் சொல்பவை. ஒரே 5டபிள்யூ-30 என்றாலும் ஒன்று பெட்ரோல் காருக்கானதாக இருக்கலாம். மற்றொன்று டீசலுக்கானதாக இருக்கலாம். "முழு செயற்கை எண்ணெய்" என்ற பெரிய எழுத்தைப் பார்த்து மட்டும் எடுத்துவிடக் கூடாது.

டிபிஎஃப் இருக்கிறதா என்று பாருங்கள்

புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டிதான் டிபிஎஃப். எல்லா பிக்கப்பிலும் அது இல்லை. கையேட்டிலோ விற்பனையாளரிடமோ உறுதி செய்துகொள்ளலாம்.

எண்ணெயில் கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்மங்கள் உண்டு. எரிந்துபோகும் சிறிதளவு எண்ணெயிலிருந்து அவை சாம்பலாகி வடிகட்டியில் தங்கும். கரியை எரித்து அகற்றலாம்; சாம்பலை அப்படி எரிக்க முடியாது. ஆகவே டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும். ஏசிஇஏ 'சி' வரிசை, ஜாசோ டிஎல்-1, டிஎச்-2, ஏபிஐ சிகே-4 ஆகியவை சாம்பலுக்கு வரம்பு வைத்த தரங்கள். இவற்றில் எது உங்கள் வண்டிக்கு என்பதைக் கையேடு சொல்லும். பழைய சிஐ-4 தரத்தில் அந்த வரம்பு இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று அதை ஊற்றினால், மிச்சப்படும் சில பத்து ரிங்கிட்டுக்காக ஆயிரக்கணக்கான ரிங்கிட் வடிகட்டியை இழக்க நேரலாம்.

எண்ணெய் கூடினால் ஆபத்து

எண்ணெய் குறைந்தால் கவலைப்படும் பலர், கூடினால் பொருட்படுத்துவதில்லை. புதிய டீசல் வண்டியில் கவனிக்க வேண்டியது அதுதான்.

டிபிஎஃப் நிறையும்போது, கரியை எரிக்கத் தேவையான சூட்டுக்காக பல எஞ்சின்கள் கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளிக்கின்றன. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிவிடும். சாதாரண டீசலில் ஒரு பங்கு எஞ்சின் சூட்டில் ஆவியாகி வெளியேறும். செம்பனை மெத்தில் எஸ்டர் எளிதில் ஆவியாகாது. எண்ணெயிலேயே தங்கி அதை நீர்க்கச் செய்யும். மலேசியாவில் 2019 முதல் போக்குவரத்துக்கு விற்கப்படும் பி10 டீசலில் 10 விழுக்காடு இந்தச் செம்பனை எரிபொருள்தான். பி7 வகையும் சில நிலையங்களில் கிடைக்கிறது. லிட்டருக்குச் சில காசு கூடுதல். பி10 பயன்படுத்துவதில் தவறில்லை. எண்ணெயைக் காலம் கடத்தாமல் மாற்றினால் போதும்.

வாரம் ஒருமுறை சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து அளவுகோலை எடுத்துப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலோ டீசல் வாடை அடித்தாலோ அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கக் கூடாது. எண்ணெய் கறுத்திருப்பது டீசல் எஞ்சினில் இயல்பு. பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு அனுப்புங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் வண்டியை உடனே அணைக்காமல், கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுவது நல்லது.

கிலோமீட்டர் மட்டும் கணக்கல்ல

பல நிறுவனங்கள் 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அதில் எண்ணெய் மாற்றச் சொல்கின்றன. அது சாதாரண ஓட்டத்துக்கான கணக்கு. தோட்டத்தில் குலை ஏறும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிற்பது, செம்மண் புழுதி, பாரம் இழுப்பது, வீட்டுக்கும் பள்ளிக்கும் மட்டும் குறுந்தூரம் ஓட்டுவது எல்லாம் கடின ஓட்டம். கையேட்டில் அதற்குத் தனி அட்டவணை இருக்கும். பெரும்பாலும் இடைவெளி பாதியாகும். நின்றபடி ஒரு மணி நேரம் ஓடும் எஞ்சின் சுமார் 40 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம் என்று ஃபோர்டு கையேடுகள் கணக்கிடுகின்றன. நாளுக்கு இரண்டு மணி நேரம் அப்படி நின்றால், மாதம் 25 வேலை நாளில் மீட்டரில் ஏறாத 2,000 கிலோமீட்டர் சேர்ந்துவிடும்.

புழுதிக்குள் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டியையும் அடிக்கடி பார்க்க வேண்டும். மணல் தூசி உள்ளே போனால் எந்த விலையுயர்ந்த எண்ணெயும் பிஸ்டன் வளையத்தைக் காப்பாற்றாது.

முதல் 1,000 கிலோமீட்டருக்குள் முழுப் பாரம் ஏற்றுவதையும், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுவதையும் தவிர்க்கலாம். மேடேறி வந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டால் டர்போ சூடு தணியும்.

வாங்கும்போதும் வாங்கிய பின்னும்

ஹைலக்ஸ் 2.8 எஞ்சினுக்கு வடிகட்டியுடன் சேர்த்து ஏறத்தாழ 7.5 லிட்டர் எண்ணெய் தேவை. மற்ற வண்டிகளின் அளவு கையேட்டில் இருக்கும். அளவைத் தெரிந்துகொண்டு வாங்கினால் "இருப்பதை ஊற்றிவிட்டோம்" என்ற பதில் வராது. போலி எண்ணெயை உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் அவ்வப்போது பறிமுதல் செய்துவருவதால், விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் தவிர்ப்பதே நல்லது. மூடியை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள்.

உத்தரவாதக் காலத்தில் எங்கே சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைக் கையெழுத்திடும் முன் படியுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, மீட்டர் எண், எண்ணெயின் தடிமன், தரக்குறியீடு ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள். எஞ்சின் பழுதுக்கு உத்தரவாதம் கேட்கும் நாளில் நிறுவனம் முதலில் கேட்பது சர்வீஸ் பதிவைத்தான்.