தூங்குற கிட்னி

1954 டிசம்பர் 23, பாஸ்டன். டாக்டர் ஜோசப் முர்ரே குழு, இரட்டையர்ல ஒருத்தரோட சிறுநீரகத்தை எடுத்து இன்னொருத்தருக்குப் பொருத்துச்சு. ரத்தம் பாய்ஞ்சதுமே மூத்திரம் வந்துடுச்சு. நம்மூர்ல வேலூர் சி.எம்.சி. 1971-ல ஜெயிச்சதும், அப்புறம் பல வருஷம் நடந்ததும் பெரும்பாலும் உயிரோட இருக்கறவங்க குடுத்த கிட்னிதான். அதனால ‘வெச்சா உடனே வேலை செய்யணும், இல்லாட்டி போச்சு’ன்னு ஒரு எண்ணம் ஜனங்க மனசுல பதிஞ்சிடுச்சு.

1994 சட்டம் மூளைச்சாவை ஏத்துக்கிச்சு. ஆனா 2008-ல ஹிதேந்திரனோட உறுப்புகளை அவங்க அப்பா அம்மா தானம் பண்ணின பிறகுதான் தமிழ்நாட்டுல விஷயம் சூடு பிடிச்சுது. அப்படி வர்ற கிட்னிதான் சில சமயம் தூங்கிடும். முதல் வாரத்துலயே டயாலிசிஸ் தேவைப்பட்டா, டாக்டருங்க அதை ‘டிலேய்ட் கிராஃப்ட் ஃபங்ஷன்’னு சொல்றாங்க.

அறந்தாங்கிப் பக்கம் எங்க மாமாவுக்கு ஒன்பது நாள் யூரின் பை காலியாவே தொங்குச்சு. “குடுத்த மகராசனோடதும் வீணாப் போச்சே தம்பி”ன்னு அத்தை அழுதாங்க. பொட்டி தட்டுறவனுக்கு வேற என்ன தெரியும், தேட ஆரம்பிச்சேன் :-)

தேடினா 1941 லண்டன்ல போய் நிக்குது. குண்டுவீச்சுல இடிபாட்டுக்குள்ள நசுங்கினவங்களைக் காப்பாத்தி வெளிய எடுத்தாங்க. சில நாள்ல பல பேர் சிறுநீரகம் நின்னு செத்துப்போனாங்க. பைவாட்டர்ஸ்ங்கற டாக்டர் பார்த்தப்ப, வடிகட்டியை விட, அதுக்குப் பின்னாடி இருக்கற நுண்குழாய்கள்தான் அடி வாங்கியிருந்துச்சு. இதுல முக்கியமான சேதி, அந்தக் குழாய்ச் செல்கள் திரும்ப வளரும். அதுக்கு நாளாகும், அவ்வளவுதான்.

பெட்டியில வர்ற கிட்னியிலயும் பெரும்பாலும் அடி வாங்கறது இதே குழாய்தான். ரத்தம் நின்னா ஆக்சிஜன் இல்ல, செல்லுக்குள்ள சோடியத்தை வெளிய தள்ற பம்ப் நின்னுடும், செல் ஊதிப்போகும். மறுபடி ரத்தம் பாயறப்ப இன்னொரு அடி. செத்த செல்கள் குழாயை அடைச்சுக்கும். 1969-ல காலின்ஸ் குழு, செல்லுக்கு உள்ளே இருக்கற மாதிரியே பொட்டாசியம் அதிகமா ஒரு திரவம் செஞ்சு, குளிர்ல 30 மணி நேரம் கிட்னியைத் தாங்க வெச்சாங்க. குளிர் கெடுதலை மெதுவாக்கும், நிறுத்தாது.

அதனால மணிக்கணக்கு முக்கியம். ராத்திரி போன் வந்து, புதுக்கோட்டை கிராமத்துல இருந்து கார் பிடிச்சு திருச்சியோ மதுரையோ போய்ச் சேர்ந்து, ரத்தம் பொருந்துதான்னு டெஸ்ட் முடியற வரைக்கும் ஐஸ் பெட்டியில கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். போதாததுக்கு குடுத்தவரோட வயசு, பிரஷர், மூளைச்சாவு நேரத்துல உடம்புல நடக்கற களேபரம், வாங்கறவர் டயாலிசிஸ்ல கழிச்ச வருஷங்கள், ரத்தக்குழாயைச் சுருக்கற சைக்ளோஸ்போரின் வகை மருந்து. ஆனா எல்லாத்தையும் ‘தூக்கம்’னு விட்டுடவும் முடியாது. ரத்தக்குழாயில கட்டியா, மூத்திரக்குழாய் அடைப்பா, உடம்பு நிராகரிக்குதான்னு பார்க்கத்தான் டாப்ளர் ஸ்கேன், பயாப்ஸி எல்லாம்.

மாமாவுக்குப் பத்தாம் நாள் பையில கொஞ்சம் மஞ்சளாச் சேர்ந்துச்சு. அத்தை அதை வார்டு முழுக்கக் காட்டினாங்க.

2009-ல ஐரோப்பாவுல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. ஒரே ஆள்கிட்ட எடுத்த ரெண்டு கிட்னியில ஒண்ணு ஐஸ்ல, இன்னொண்ணு திரவத்தை உள்ளே ஓட்டிக்கிட்டே இருக்கற மெஷின்ல. ஐஸ்ல இருந்த 336-ல 89 தூங்குச்சு, மெஷின்ல இருந்த 336-ல 70.