ஆடம் ஏன் வீட்டை விட்டுப் போனான்?

1964-65இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதலிடம் 'பொனான்சா'வுக்கு. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, அதுவும் கலரில். சேனல் என்பிசி, அதன் தாய் நிறுவனம் ஆர்சிஏ கலர் டிவி தயாரித்து விற்றது. கணக்கு புரிகிறதல்லவா? இப்படி ஓடிக்கொண்டிருந்த தொடரிலிருந்து, ஆறு சீசன் முடித்த கையோடு, பெர்னல் ராபர்ட்ஸ் வெளியேறினார்.

கதை எளிமையானது. நெவாடாவில் பெரிய பண்ணை, அப்பா பென், மூன்று மகன்கள். ஆளுக்கொரு அம்மா, மூவரும் உயிரோடு இல்லை. ராபர்ட்ஸ் நடித்தது மூத்தவன் ஆடம். படித்தவன், கட்டடம் வரையத் தெரிந்தவன். ஆனால் எதற்கும் அப்பாவிடம் அனுமதி கேட்கணும். முப்பது தாண்டிய ஆம்பளை இன்னும் இப்படி நிற்பதா என்று ராபர்ட்ஸ் வெளிப்படையாகவே எரிச்சல்பட்டார். அப்பாவாக நடித்த லார்ன் கிரீன் அவரைவிடப் பதின்மூன்று வயதுதான் மூத்தவர்!

கல்யாணமும் நடக்காது. இந்த வீட்டுப் பையன்களைக் காதலிக்கும் பெண் ஒன்று செத்துப்போவாள், இல்லை ஊரைவிட்டுப் போவாள். ஆடமுக்கு மட்டும் ஒருமுறை கதவைத் திறந்து பார்த்தார்கள். லாரா என்ற விதவையைக் கட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போனால் ராபர்ட்ஸைக் கௌரவமாக அனுப்பிவிடலாம். அவர் இடத்துக்கு 'சோரோ' புகழ் கை வில்லியம்ஸை வில் என்ற உறவுக்காரனாகக் கூட்டியும் வந்தார்கள். நோட்டீஸ் பீரியடிலேயே மாற்று ஆளைப் பக்கத்து சீட்டில் உட்காரவைக்கிற அதே வேலை. கடைசியில் ராபர்ட்ஸ் ஒப்பந்தம் முடியும்வரை இருப்பதென்று ஆனதும், வில்லும் லாராவும் ஜோடி சேர்ந்து கிளம்பிவிட்டார்கள். ஆடம் பழையபடி அப்பா வீட்டில்.

வெறும் ஈகோ என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஜார்ஜியாவில் பிறந்த இந்த வெள்ளைக்காரர், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக 1965 மார்ச்சில் நடந்த செல்மா ஊர்வலத்தில் கலந்துகொண்டவர். திரையில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு இடமே இல்லை என்ற கோபமும் அவருக்கு இருந்தது. ஊர் அப்படிக் கொதிக்கையில் வாராவாரம் பண்ணையில் எல்லாம் சுமுகமாக முடிவது அவருக்குக் கசந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

தொடர் அவரில்லாமலும் 1973 வரை ஓடியது. அவருக்கு அடுத்த பெரிய வெற்றி 1979இல்தான், 'டிராப்பர் ஜான், எம்.டி.'யில் டாக்டராக. ஆடமாக நடிக்கையில் விக் வைத்துக்கொண்டவர், டாக்டர் வேஷத்துக்குத் தன் வழுக்கைத் தலையோடே வந்தார்.