மதீனாவின் சிற்றறைகள்: அண்ணலாரின் இல்லங்களில் என்னென்ன இருந்தன?

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்திற்கு ‘அல்ஹுஜுராத்’ என்று பெயர். ‘அறைகள்’ என்பது அதன் பொருள். அவை அண்ணல் நபி (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த இல்லங்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அவற்றின் நீளம் எவ்வளவு, கூரை எவ்வளவு உயரத்தில் இருந்தது, உள்ளே என்னென்ன பொருள்கள் இருந்தன என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு. ஒற்றை அறையும் சமையற்கட்டும் கொண்ட வாடகை வீடுகளில் குடும்பம் நடத்துவோர் நகரங்களில் பெருகிவிட்ட இக்காலத்தில், அந்த அறைகளின் வரலாறு நமக்கு நெருக்கமான பாடமாகும்.

களிமண்ணும் பேரீச்ச மட்டையும்

கி.பி. 622இல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தடைந்த நபி (ஸல்) அவர்கள், மஸ்ஜிதுந் நபவியை எழுப்பியபோது அதன் ஓரமாக இரண்டு அறைகளையும் அமைத்தார்கள். ஒன்று அன்னை ஸவ்தா (ரலி) அவர்களுக்கு. மற்றொன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு. பின்னர் திருமணங்கள் நிகழ நிகழ அறைகளும் கூடி ஒன்பதாயின.

இவ்வறைகளின் அமைப்பை இப்னு ஸஅது (ரஹ்) அவர்கள் தமது ‘தபகாத்’ நூலில் பதிவு செய்துள்ளார்கள். நான்கு இல்லங்கள் சுடாத களிமண் கற்களால் ஆனவை. அவற்றின் முன்புறம் பேரீச்ச மட்டைகளால் தடுக்கப்பட்டிருந்தது. எஞ்சிய ஐந்தும் மண் பூசிய பேரீச்ச மட்டைகளால் மட்டுமே ஆனவை; அவற்றுக்கு முன்தடுப்பும் இல்லை. வாயில்களில் உரோமத்தால் நெய்த திரைகள் தொங்கின. அத்தகைய திரை ஒன்றை அளந்து பார்த்தவர், அது 3 முழ நீளமும் ஒரு முழத்திற்குச் சற்றுக் கூடுதலான அகலமும் கொண்டிருந்ததாகக் கூறியுள்ளார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கு ஒற்றைக் கதவு இருந்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு.

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ‘அல்அதபுல் முஃப்ரத்’ தரும் விவரப்படி உள்ளறை 10 முழம். அதாவது ஏறத்தாழ 15 அடி. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் இளைஞராக இருந்த ஹஸன் பஸரி (ரஹ்) அவர்கள், அந்த இல்லங்களுக்குள் சென்றபோது கூரையைக் கையாலேயே தொட முடிந்தது என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள்.

ஒரு பொருள், இரு பயன்

அந்த 15 அடிக்குள் என்ன இருந்தது? அண்ணலாரின் படுக்கை, பேரீச்ச நார் அடைத்த தோல் விரிப்பு. தலையணையும் அவ்வாறே. ஒரு பாய் இருந்தது. பகலில் அதை விரித்து அமர்வார்கள். இரவில் அதையே தடுப்பாக நிறுத்தித் தொழுவார்கள். தனியறை ஒன்றைக் கட்டாமலே ஒரு பாயைக் கொண்டு தனிமையை உண்டாக்கிக்கொண்டார்கள் என்பது இதன் பொருள்.

சுவரில் ஒரு மாடம் இருந்தது. அதற்கு முன்னே ஒரு சிறு திரை. காற்று வீசித் திரை விலகியபோது உள்ளே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தென்பட்டன. துணியால் செய்த இறக்கைகளோடு ஒரு குதிரையும் அவற்றினிடையே இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று வியந்து கேட்ட நபி (ஸல்) அவர்கள், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்தனவே என்ற மறுமொழியைக் கேட்டுக் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என அபூதாவூத் பதிவு செய்கிறது. அவ்வளவு சிறிய இல்லத்திலும் விளையாட்டுக்கு ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

ஒரு மாதம் துணைவியரை விட்டு விலகி மாடியறையில் தங்கியிருந்த அண்ணலாரைக் காண உமர் (ரலி) அவர்கள் ஏறிச் சென்றார்கள். அங்கே அவர்கள் கண்டவை: ஒரு பாய், ஒரு தலையணை, சிறிதளவு வாற்கோதுமை, தோல் பதனிடப் பயன்படும் இலைகள், மாட்டித் தொங்கவிடப்பட்டிருந்த பதனிடாத தோல். பாயின் தடம் அண்ணலாரின் விலாவில் பதிந்திருப்பதைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் அழுதுவிட்டார்கள். பாரசீக, ரோமானிய மன்னர்கள் இன்பத்தில் திளைக்க இறைத்தூதர் இப்படி வாழ்கிறார்களே என்பது அவர்களின் வேதனை. அவர்களுக்கு இவ்வுலகும் நமக்கு மறுமையும் என்பதில் உமக்கு மனநிறைவு இல்லையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள்.

இடம் எவ்வளவு குறுகியது என்பதற்கு அன்னையாரின் கூற்றே சான்று. இரவில் அண்ணலார் தொழும்போது அன்னையார் முன்னே படுத்திருப்பார்கள். ஸஜ்தாச் செய்ய இடம் வேண்டி அண்ணலார் மெல்லத் தொட, அன்னையார் கால்களை மடக்கிக்கொள்வார்கள். எழுந்ததும் மீண்டும் நீட்டிக்கொள்வார்கள். அந்நாளில் வீடுகளில் விளக்குகள் இல்லை.

கிழிந்த திரை

அழகுணர்வுக்கு அங்கே இடமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அண்ணலார் பயணம் சென்றிருந்தபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் கொண்ட ஒரு துணியை வாங்கித் தொங்கவிட்டார்கள். திரும்பி வந்து அதைக் கண்ட நபி (ஸல்) அவர்களின் முகம் மாறியது. அதை இழுத்துக் கிழித்தார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு இறைவன் நம்மைப் பணிக்கவில்லை என்றார்கள். அன்னையார் அத்துணியை எறிந்துவிடவில்லை. வெட்டி, நார் அடைத்து, இரண்டு தலையணைகளாக்கினார்கள். அதை அண்ணலார் குறை கூறவில்லை.

சுவரில் வெறும் பகட்டாகத் தொங்கிய அதே துணி, சாய்ந்துகொள்ளும் தலையணையானபோது ஏற்கப்பட்டது. உருவங்களைப் பற்றிய சட்டம் தனியானது. அது இங்கே நம் பேசுபொருளன்று. சுவருக்குத் துணி போர்த்துவது வெறுக்கத்தக்கதேயன்றி ஹராம் அன்று என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். ஆகவே வீட்டை அழகுபடுத்துவோரையெல்லாம் பாவிகளாக்க இந்நிகழ்வைப் பயன்படுத்தலாகாது. எனினும், ஒரு பொருளை வாங்கும் முன் இது மனிதருக்கா, சுவருக்கா என்று கேட்டுக்கொள்ள இது நமக்குக் கற்றுத் தருகிறது.

இதே அளவுகோல் முஸ்லிமில் வரும் மற்றொரு நபிமொழியிலும் உண்டு. கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. நான்காவது ஷைத்தானுக்கு உரியது என்பது அதன் கருத்து. விருந்தினரின் விரிப்பு தேவைக் கணக்கிலேயே சேர்க்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

விருந்தும் பள்ளியும்

வீடு சிறியது என்பதற்காக அங்கே விருந்து நின்றுவிடவில்லை. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் வலீமா விருந்துக்கு வந்தவர்கள் பத்துப் பத்துப் பேராக அமர்ந்து உண்டார்கள். உண்ட பின்னும் சிலர் எழாமல் பேசிக்கொண்டிருந்தனர். வேறு அறை இல்லாததால் மணமகள் சுவர்ப்பக்கம் முகம் திருப்பி அமர்ந்திருக்க, எழுந்து போகச் சொல்ல வெட்கப்பட்டு நபி (ஸல்) அவர்கள் வெளியே போவதும் வருவதுமாக இருந்தார்கள். அப்போதுதான், உண்டதும் கலைந்து செல்லுமாறு பணிக்கும் 33:53 வசனம் அருளப்பட்டது. இல்லத்தாரின் தனிமை காக்கப்பட்டது, விருந்தோம்பல் ஒழிக்கப்படவில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அறைகள் சிறியவை; ஆனால் அவற்றை ஒட்டிப் பள்ளிவாசல் திறந்து கிடந்தது. தூதுக் குழுவினர் அங்கே வரவேற்கப்பட்டனர். வீடற்ற தோழர்கள் திண்ணையில் தங்கினர். தொழுகை முடிந்ததும் பூட்டப்படும் பள்ளிகளைக் கொண்ட மஹல்லாக்களில் சிறிய வீடு மேலும் சிறியதாகிவிடுகிறது என்பதை நிர்வாகிகள் எண்ணிப் பார்க்கட்டும்.

மதீனா அழுத நாள்

ஹிஜ்ரி 88இல் (கி.பி. 707) கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக்கின் கடிதம் மதீனாவை வந்தடைந்தது. பள்ளியை விரிவாக்குவதற்காக அவ்வறைகளை இடிக்குமாறு அதில் கட்டளையிடப்பட்டிருந்தது. அன்று மதீனாவின் ஆளுநராக இருந்தவர் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்). கடிதம் வாசிக்கப்பட்ட அந்நாளைப் போல மக்கள் அழுத நாளைத் தாம் கண்டதில்லை என்கிறார் அதாவுல் குராஸானி (ரஹ்). அறைகளை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்) அவர்கள் வருந்தினார்கள். மதீனாவில் வளரும் தலைமுறையும் தொலைவிலிருந்து வருவோரும், இறைத்தூதர் எவ்வளவைக் கொண்டு மனநிறைவு கொண்டார்கள் என்பதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். பொருள் குவிப்பதில் ஆசை குன்றியிருக்கும் என்பதே அவர்களின் ஆதங்கம்.

அவ்வறைகள் இன்றில்லை, அவற்றின் அளவுகள் மட்டும் நூல்களில் உள்ளன. வீடு சிறியது என்ற கூச்சத்தால் உறவினரை அழைக்காமலிருப்போரும், கட்டிலும் அலமாரியும் சோபாவும் வந்தால்தான் மணம் என்று பெண் வீட்டாரிடம் கேட்போரும், கூரைக்கு அலங்காரம் செய்ய வட்டிக்குக் கடன் வாங்குவோரும் அந்த அளவுகளை ஒருமுறை தம் வீட்டுத் தரையில் அளந்து பார்க்கலாம். பத்து முழத்தில் அடங்கிய வாழ்வு அது. நம் இல்லங்களைப் பரக்கத்தாலும் மன அமைதியாலும் வல்ல ரஹ்மான் நிரப்புவானாக. ஆமீன்.