கடைசிக் கையெழுத்து

போன மாதம் ஒரு மாலை வேளை, அடுத்த வீட்டுப் பெண் கையில் காகிதங்களோடு வந்து நின்றாள். அமெரிக்காவில் ஏழு சர்வகலாசாலைகளுக்கு மேற்படிப்புக்காக விண்ணப்பம் போடுகிறாளாம். எதற்காகப் படிக்க விரும்புகிறாள் என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "நீங்கள் கதை எழுதுகிறவர் மாமா, கொஞ்சம் பார்த்துக் கொடுங்களேன்" என்றாள்.

பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. மார்க்குப் பட்டியல், ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்கள், பாங்கிக் கணக்கு எல்லாம் தயார். முகம்தான் வாடியிருந்தது. காரணம் கேட்டேன்.

"அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, மாமா. அவளுக்கு உடம்பு சரியில்லையே" என்றாள்.

எனக்கு உடனே இரண்டு பழைய கதைகள் ஞாபகம் வந்தன. அவளுக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, கணித மேதை ராமானுஜனுடையது. 1913-ஆம் வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் இருந்த அந்தக் குமாஸ்தா, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பட்டம் கிடையாது, எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர். மார்க்குப் பட்டியலுக்குப் பதிலாக அவர் இணைத்து அனுப்பியவை கணிதச் சூத்திரங்கள்! அவற்றைப் பார்த்து ஹார்டி அசந்து போனார். இந்த மனிதரை எப்படியாவது கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்க வேண்டும் என்று முயற்சியும் தொடங்கினார்.

இனி என்ன, கப்பல் ஏற வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. கூப்பிட்டது கேம்பிரிட்ஜ், மாட்டேன் என்றவர் ராமானுஜன்! அந்தக் காலத்தில் கடல் கடந்தவனை ஜாதியை விட்டுத் தள்ளி வைப்பார்கள். தாயார் கோமளத்தம்மாளோ ஆசாரம் மிகுந்தவர். ஹார்டிக்குக் கட்டுப்பட்ட சூத்திரங்கள் கும்பகோணத்து வீட்டு நிலைப்படியைத் தாண்ட உதவவில்லை.

ஒரு வருஷம் கழித்து, நெவில் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் சொற்பொழிவு ஆற்றச் சென்னைக்கு வந்தார். தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தவருக்கு ஆச்சரியம் காத்திருந்தது. தடை நீங்கிவிட்டிருந்தது! வெள்ளைக்காரர்கள் சூழ்ந்த ஒரு மண்டபத்தில் மகன் வீற்றிருப்பதாகத் தாயார் கனவு கண்டார் என்றும், அவன் வழியில் நிற்காதே என்று நாமகிரித் தாயாரே கட்டளையிட்டாள் என்றும் சொல்வார்கள். கனவோ, பெற்ற மனமே தேடிக்கொண்ட சமாதானமோ, சம்மதம் கிடைத்தது. சென்னைச் சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் தந்தது. குடுமியை எடுத்து, கால்சராய் மாட்டிக்கொண்டு, 1914 மார்ச் 17-ஆம் தேதி ராமானுஜன் கப்பல் ஏறினார். அந்தக் கோலத்தைக் காண வேண்டாமென்று தாயாரையும் மனைவியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டாவது கதை, பதினாறு வருஷம் கழித்து நடந்தது. இந்தப் பிள்ளையிடம் பட்டத்துக்குக் குறைவில்லை. சர் சி.வி. ராமனின் தமையன் மகன் சந்திரசேகர், பிரெஸிடென்ஸி கல்லூரி மாணவராக இருந்தபோதே லண்டன் ராயல் சொஸைட்டியின் ஏட்டில் கட்டுரை வெளியிட்டவர். 1930-இல் அவருக்குச் சர்க்கார் உபகாரச் சம்பளமும் கேம்பிரிட்ஜில் இடமும் கிடைத்தன. வயது பத்தொன்பது.

அப்போது தாயார் சீதாலட்சுமி படுத்த படுக்கை. உறவினர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இப்ஸனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் பெயர்த்த அந்த அம்மாள், மகன் போயே தீரவேண்டும் என்றாள்.

ஜூலை 31-ஆம் தேதி பம்பாயில் கப்பல் புறப்பட்டது. தளத்தில் உட்கார்ந்து அந்த இளைஞர் போட்ட கணக்கு, இறந்துபோகும் நட்சத்திரங்களைப் பற்றியது. எரிந்து தீர்ந்த நட்சத்திரம் எவ்வளவு கனம் வரை வெள்ளைக் குள்ளனாகத் தாக்குப் பிடிக்கும் என்பதற்கு அவர் கண்ட எல்லை, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. நோபல் பரிசு வர 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் தாயார் 1931 மே மாதமே காலமாகிவிட்டாள். மகனால் வர முடியவில்லை.

கோமளத்தம்மாளுக்கு மட்டும் என்ன கிடைத்தது? 1919-இல் மகன் திரும்பி வந்தான், நோயாளியாக. மறு வருஷம் ஏப்ரலில், முப்பத்திரண்டு வயதில், போய்விட்டான்.

இந்த இரண்டு தாய்மாரும் செய்தது சரிதானா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. சீமைப் படிப்புக்கான விண்ணப்பத்தில் எத்தனையோ பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். எல்லாரையும்விட அதிகமாகக் கொடுக்கிறவளுக்கு மட்டும் அதில் இடமே இல்லை. அதற்காக அவளைக் கேட்காமலே இருந்துவிடலாமா? உடம்பு சரியில்லை என்று நாமாகவே முடிவு செய்துகொண்டு, அவளுக்குரிய அந்தப் பெருமையையும் பறிக்கலாமா?

அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் வாசலில் பார்த்தேன். "சொன்னாயா?" என்றேன்.

"சொன்னேன், மாமா."

"என்ன சொன்னாள்?"

"ரொம்ப நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், ஏழு இடத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்."