நூற்றிருபது கலம் நெல்

எங்கள் ரெட்டிபாளையத்தில் கூத்துக்கு விமர்சனம் மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் நடக்கும். விடியற்காலம் துரியோதனன் குரல் ஏன் கம்மிப்போனது, கட்டியங்காரன் பேச்சு ஏன் எல்லை மீறியது என்று என் பெரியப்பா ஒருவரே அரைமணி நேரம் அலசுவார். யாரும் எழுதி வைத்ததில்லை.

எழுதாமல் விடுவது இந்தப் பக்கத்துக்குப் பழைய வழக்கம்போலும். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வழிவிட்டுக் கிழக்கே போனால் கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து ஆண்ட இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆட, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல். ஆடியவன் பெயர் உண்டு, கூலி உண்டு. ஆட்டம் எப்படி? அதற்கு ஒரு சொல் இல்லை. நாடகப் பிரதியும் கிடைக்கவில்லை.

பார்த்தவர் பேனா எடுத்தது வெகு பின்னால்தான். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகக் குழுவான சுகுண விலாச சபை சென்னையில் தொடங்கியதே 1891-இல்தான்; விமர்சனம் அதற்கும் பிறகு. 1930-களில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் ஆடல் பாடல்களை விமர்சித்தார். கிண்டலுக்குப் பஞ்சமில்லை, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

அந்தத் தைரியத்தில் நானும் ஒரு கூத்துக்கு விமர்சனம் எழுதிப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். நாலு பக்கம். பாதியிலேயே கையை உயர்த்தினார்.

“கதை எங்களுக்குத் தெரியாதாடா? ஆடினது எப்படின்னு சொல்லு.”