மானா (எபிரேயச் சொல்)

மானா என்பது ஒருவருக்கென்று பிரித்துத் தரப்படும் உணவுப் பங்கைக் குறிக்கும் எபிரேயச் சொல். பன்மை மானோத். எண்ணுதல், பகுத்தளித்தல் ஆகிய பொருள்களைத் தரும் வேரிலிருந்து பிறந்தது; கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய பத்துப் பேரைக் குறிக்கும் மின்யான் என்பதும் அவ்வேரினதே. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் உண்ட மன்னா வேறு சொல்.

எபிரேய விவிலியத்தில் மானா பெரும்பாலும் பலி விருந்தை ஒட்டியே வருகிறது. ஆசாரியர்களை நியமிக்கும் சடங்கில் பலியிட்ட ஆட்டுக்கடாவின் மார்க்கண்டம் மோசேயின் மானா ஆயிற்று (லேவியராகமம் 8:29). சவுலுக்கென்று முன்னரே எடுத்துவைக்கச் சொன்ன பங்கைச் சாமுவேல் சமையற்காரனிடம் கேட்டு வாங்க, தொடைக்கறி சவுலின்முன் வைக்கப்படுகிறது (1 சாமுவேல் 9:23–24). யாருக்கு எந்தத் துண்டு என்பதில் அவரவர் தகுதி வெளிப்பட்டது.

இவ்வகையில் மிக முக்கியமான இடம் 1 சாமுவேல் 1:4–5. ஆண்டுதோறும் சீலோவில் பலியிடும் எல்க்கானா, தன் மனைவி பெனின்னாளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் மானோத் கொடுக்கிறான். பிள்ளையில்லாத மற்றொரு மனைவி அன்னாளுக்கு 'மானா அஹத் அப்பாயிம்' கொடுக்கிறான். அப்பாயிம் என்பதன் நேர்ப்பொருள் மூக்கு அல்லது முகம். இலக்கணப்படி இருமை வடிவம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'ஒரே பங்கு' என்று கொண்டு, அவளுக்குப் பிள்ளையில்லாததைக் காரணமாகச் சொல்கிறது. ஆயினும் அவன் அவளை நேசித்தான் என்று அடுத்தே வருவதால், இருமடங்குப் பங்கு என்று கொள்வோரும் உண்டு.

பிற்காலத்தில் மானோத் பலிபீடத்தைவிட்டு அண்டைவீட்டுக்குச் செல்கிறது. எஸ்றா திருச்சட்டத்தை வாசித்த நாளில், ஒன்றும் ஆயத்தம் செய்யாதவர்களுக்குப் பங்குகளை அனுப்பும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டது (நெகேமியா 8:10). எஸ்தர் 9:22 இதைப் பூரிம் என்னும் யூதத் திருநாளின் கடமையாக்கியது. இதுவே மிஷ்லோவாஹ் மானோத் (பங்குகளை அனுப்புதல்). மானோத் பன்மையாதலால் ஒருவருக்கு இரண்டு பங்கு அனுப்ப வேண்டும் என்று யூதச் சட்ட நூலான தல்மூத் வகுத்தது. ஏழைகளுக்கான ஈகை தனிக் கடமை. அதையே பெருக்குவது மேல் என்கிறார் யூத அறிஞர் மைமோனிடஸ். உணவு அனுப்புவதன் நோக்கம் எவர் வீட்டிலும் விருந்து குறையாதிருப்பது என்றார் 15ஆம் நூற்றாண்டின் இஸ்ரயேல் இஸர்லைன். நட்பை வளர்ப்பதே நோக்கம் என்றார் அடுத்த நூற்றாண்டின் ஷ்லோமோ அல்கபெத்ஸ். எஸ்தர் நூலுக்கு அவர் எழுதிய உரையின் பெயரே 'மானோத் ஹலேவி'.

தற்கால எபிரேயத்தில் உணவகத் தட்டு, போர்க்கள உணவுப் பொதி, கணிதத்தில் ஈவு ஆகியவற்றுக்கும் இச்சொல் வழங்குகிறது.